முள் ஏறிய மலைப்பாதை

கும்பகோணம் – திருச்சி

காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்கு மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். அதைவிட உயரமாக ஏறவேண்டிய தேவை எங்கள் ஊர்க் கார்களுக்கு வருவதில்லை. வயலும் வாய்க்காலும் தட்டையாகக் கிடக்கும் சீமையில் ஒரு வண்டி தன் கோளாறை வருஷக்கணக்கில் வெளியே காட்டாமல் ஓடிவிடலாம். சித்தப்பாவின் சின்னக் கார் அப்படி ஓடிக்கொண்டிருந்ததுதான்.

கொல்லிமலை அறப்பளீஸ்வரரைப் பார்க்கவேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் ஆசை. வைகாசிக் கடைசியில் பலாப்பழமும் கிடைக்கும் என்று சித்தி சேர்த்துக்கொண்டாள். இருவரோடும் நானும் தொற்றிக்கொண்டேன்.

புறப்படுவதற்கு முன்பே கார் கொஞ்ச நாளாகச் சூடாகிக்கொண்டிருந்தது. கடைத்தெரு நெரிசலில் ஊர்ந்தால் வெப்பம் காட்டும் முள் மேலே ஏறும். உள்ளூர் பட்டறையில் ரேடியேட்டரைக் கழுவினார்கள், மூடியை மாற்றினார்கள், கூலன்ட் ஊற்றினார்கள். கடைசியில் ஃபேன் மோட்டார் தேய்ந்துவிட்டது என்று புதிதாக ஒன்று போட்டார்கள். அதே மாடல் கிடைக்கவில்லை. வேறொன்றை வாங்கி, அதன் சாக்கெட் பொருந்தாததால் அதை வெட்டிவிட்டு இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்தார்கள். "ஃபேன் ஓடுது பாருங்க சார்" என்று பட்டறைக்காரர் காட்டினார். ஓடத்தான் செய்தது.

சித்தப்பா முன்பு அம்பாசடர் வைத்திருந்தவர். இந்த மின்சார ஃபேன் மேல் அவருக்கு ஒருநாளும் மரியாதை வந்ததில்லை. "அதுல ஃபேன் பெல்ட்ல சுத்தும் தம்பி. இன்ஜின் ஓடினா ஃபேன் ஓடும். நடுவுல ஆளே கிடையாது" என்பார். அவர் சொல்வது சரிதான். அம்பாசடரில் இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும். அதன் முகப்பிலேயே ஃபேனை மாட்டிவிடலாம், அது ரேடியேட்டருக்கு நேர் பின்னால் சுற்றும். முன்சக்கரத்தை இழுக்கும் சின்னக் கார்களில் இன்ஜினைக் குறுக்கே வைத்தார்கள். பெல்ட் சுற்றும் பக்கம் சக்கரத்தை நோக்கித் திரும்பிவிட்டது. முன்னால் இருக்கிற ரேடியேட்டருக்குக் காற்று வேண்டுமானால் தனி மோட்டார் வைத்தாக வேண்டும். மோட்டாரோடு கூடவே ஃபியூஸ், ரிலே, சூட்டை உணரும் சுவிட்சு என்று ஒரு குடும்பமே வந்து சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் யாராவது ஒருவர் முகம் திருப்பிக்கொண்டால் போதும், இன்ஜின் கொதிக்க ஆரம்பித்துவிடும்.

தஞ்சாவூர் தாண்டி நான்குவழிச் சாலையில் முள் பாதியிலேயே நின்றது. வண்டி ஓடுகிற வேகத்தில் அடிக்கிற காற்றே ரேடியேட்டருக்குப் போதும், அங்கே ஃபேனுக்கு வேலையே இல்லை. சித்தி மட்டும் பின்சீட்டில் முந்தானையால் விசிறிக்கொண்டு வந்தாள். "ஏங்க, புது மோட்டார் போட்டதுலேருந்து ஏசி குளிரவே இல்லை. முன்னாடி இருந்ததுகூட இப்ப இல்ல."

"வெளியில வெயில் அப்படி" என்றார் சித்தப்பா. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

முசிறி

திருச்சியில் காவிரியையும் கொள்ளிடத்தையும் கடந்து, நெம்பர் ஒன் டோல்கேட்டில் மேற்கே திரும்பினால் ஆறு இடது கையில் கூடவே வருகிறது. தண்ணீர் இல்லாத மாதம். வெள்ளை மணல் அகலமாகக் கிடந்தது, நடுவில் நாணல் திட்டுகள். மேட்டூரை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். அந்தத் தேதியை எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அணையில் இருப்பு இல்லாத வருஷங்களில் அது வெறும் தேதிதான். சித்தப்பா மணலைப் பார்த்ததும் கியர் மாற்றுவதைக்கூட மறந்துவிட்டு, இந்த வருஷம் குறுவை உண்டா இல்லையா என்று கணக்குப் போட்டார்.

குணசீலம் கோவில் வாசலில் மனநலம் வேண்டி வந்து தங்கியிருக்கும் குடும்பங்களைப் பார்த்தோம். அதற்கப்புறம் வாழைத் தோப்பு, தென்னை, மறுபடி வாழை. முசிறி நெருங்கும்போது சாலையோரம் கோரை காயப்போட்டிருந்தார்கள். பச்சை மங்கி வெளுத்துக்கொண்டு வரும் அந்தக் கோரைதான் பாயாகிப் பல ஊர்களுக்குப் போகிறது.

ஊருக்குள் வைக்கோல் லாரி ஒன்று திரும்ப முடியாமல் நின்றது. அதற்குப் பின்னால் நாங்கள். கொஞ்ச நேரத்திற்குள் முள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் ஃபேன் அசையவே இல்லை.

கோரைக்கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்த அம்மா குடத்தோடு ஓடிவந்தார். "இன்ஜின் மேல ஊத்துங்க சாமி, அப்படிக் கொதிக்குதே!" சித்தப்பா குடத்தை வாங்கித் தன் முகத்தைக் கழுவிக்கொண்டு நன்றி சொன்னார். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் உலோகம் ஒரு பக்கம் சட்டென்று சுருங்கி ஹெட் விரிசல் விடலாம். ரேடியேட்டர் மூடியையும் அப்போது தொடக்கூடாது. எங்கள் மூடியில் 0.9 என்று பொறித்திருக்கும். உள்ளே அவ்வளவு அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் என்று அர்த்தம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் கிட்டத்தட்ட 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும், அவ்வளவு தண்ணீரும் ஆவியோடு முகத்தில் பாயும். மெக்கானிக்குகளின் முன்கையில் தழும்பு இருந்தால் பெரும்பாலும் இப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

டீக்கடையில் உட்கார்ந்தோம். பக்கத்துக் கடை டூவீலர் மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, "தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறிஞ்சிட்டா சூடே ஆகாதுங்க" என்றார். தமிழ்நாட்டில் எந்த ஊரில் வண்டி சூடானாலும் இந்த யோசனை இலவசமாகக் கிடைக்கும். இன்ஜின் தேவையான சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்துவைக்கும் சின்ன வால்வு அது. அதைக் கழற்றினால் இன்ஜின் சீக்கிரம் சூடேறாது, பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். சுற்றாத ஃபேனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சித்தப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

இன்ஜின் ஆறியதும் தொட்டியில் கூலன்ட் அளவைப் பார்த்துக்கொண்டு கிளம்பினோம். ஏசி கிடையாது, எங்கேயும் நிற்பதும் கிடையாது. தொட்டியத்தில் சாலையோரம் தொங்கிய கற்பூரவல்லித் தாரைப் பார்த்து சித்தி "நிறுத்துங்களேன்" என்றபோதும் சித்தப்பா நிறுத்தவில்லை.

நாமக்கல்

நாமக்கல்லுக்குள் நுழைவதற்கு முன்பே சுத்தியல் சத்தம் வந்துவிடுகிறது. எங்கோ கம்பெனியில் இருந்து வெறும் சேஸிஸாக வரும் லாரிகளுக்கு இங்கேதான் உடம்பு கட்டுகிறார்கள். ஒரு பட்டறையில் மரப்பலகை அறுக்கிறார்கள், அடுத்ததில் தகடு வளைக்கிறார்கள், இன்னொன்றில் கதவில் மயில் வரைகிறார்கள். கேஸ் டேங்கர்கள் வரிசையாக நிற்கின்றன. எங்கள் ஊரில் ஒரு தெருவுக்கு ஒரு கோவில் என்றால் இங்கே ஒரு தெருவுக்கு ஒரு வெல்டிங் செட். டெல்டாவில் ஒரு நட்டு வேண்டுமென்றால் கடைக்குப் போய்க் கேட்போம். இங்கே நட்டைக் காட்டினால் கடைந்து கொடுத்துவிடுவார்கள்.

கார் பட்டறை எங்கே என்று விசாரித்தோம். டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர் ஒருவர், "வயரிங்னா கார் பட்டறைக்கு எதுக்குப் போறீங்க? லாரிக்கு வயர் இழுக்கறவர்கிட்டப் போங்க" என்று வழி காட்டினார்.

தகரக் கூரை. கலர் கலராக வயர்க்கட்டுகள் ஆணியில் தொங்கின. ஐம்பது வயதிருக்கும் அண்ணன் ஒருவர் லாரியின் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். விஷயத்தைச் சொன்னதும் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"எந்த ஊருங்க?"

"கும்பகோணம்."

"அவ்வளவு தூரம் ஓட்டிக்கிட்டு வந்துட்டீங்களா? மோட்டார் புதுசுங்களா?"

"புதுசுதான் தம்பி. போட்டு ஒரு மாசம்கூட ஆகல" என்றார் சித்தப்பா.

"அப்ப அதை விட்டுருவோம். மொதல்ல கரன்ட் எங்க வரைக்கும் வருதுன்னு பார்ப்போமுங்க."

ஃபியூஸ் நன்றாக இருந்தது. சூட்டை உணரும் சுவிட்சின் சாக்கெட்டைக் கழற்றி, இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்தார். ரேடியேட்டர் சூடாகிவிட்டது என்று வண்டியை நம்பவைக்கும் வேலை அது. ரிலே டக்கென்று அடித்தது. ஃபேன் அசையவில்லை. ஹாரன் ரிலேயும் அதே ரகம் என்பதால் இரண்டையும் மாற்றிப்போட்டார். ஹாரன் அடித்தது, ஃபேன் மட்டும் சுற்றவில்லை. ஆக ரிலே, ஃபியூஸ், சுவிட்சு மூன்றும் குற்றவாளி இல்லை.

அவரிடம் வேலை பழகும் பையன் டெஸ்ட் லேம்ப்பை எடுத்துவந்து மோட்டார் வயர்களில் வைத்தான். சின்ன பல்பு பளிச்சென்று எரிந்தது. "அண்ணே, கரன்ட் முழுசா வருது. மோட்டார்தான் அவுட்டு."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பட்டறையில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் இன்னொரு மோட்டாருக்குக் காசு கேட்பார்கள்.

"அவசரப்படாத கண்ணு" என்றார் அவர். ஆணியில் இருந்து ஒரு பழைய ஹெட்லைட் பல்பை எடுத்தார். கண்ணாடி கொஞ்சம் மங்கல், பின்பக்கம் இரண்டு நீள வயர்கள் பற்றவைத்து முனையில் முதலைக் கிளிப் மாட்டியிருந்தது. லாரியில் இருந்து கழித்துப்போட்ட பல்பு. அதை டெஸ்ட் லேம்ப் இருந்த அதே இடத்தில் மாட்டினார். உள்ளே இருந்த கம்பி மங்கிய சிவப்பாகக் கனன்றது, அவ்வளவுதான். வெளிச்சமே இல்லை.

"பார்த்தியா? சின்ன பல்பு கேட்கறது கால் ஆம்பியர். அதைக் குடுக்க இந்த வயருக்குத் தெம்பு இருக்குது. இது கேட்கறது அஞ்சு ஆம்பியர். ஃபேன் கேட்கறது பத்து. அங்கதான் மூச்சு வாங்குது."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கோ ஓர் இணைப்பில் அரை ஓம் தடை இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். கால் ஆம்பியர் போகும்போது அதில் எட்டில் ஒரு பங்கு வோல்ட்தான் நஷ்டம், எளிதில் கண்ணில் படாது. பத்து ஆம்பியர் போகவேண்டுமென்றால் 5 வோல்ட் அந்த இணைப்பிலேயே போய்விடும். போகிற 5 வோல்ட்டும் 50 வாட் சூடாக மாறி அந்த இடத்தையே பொசுக்கும். பொசுங்கப் பொசுங்கத் தடை கூடும், கூடக்கூட இன்னும் பொசுங்கும். கடைசியில் வயரில் வெறும் பெயருக்குத்தான் கரன்ட் இருக்கும்.

தடை எங்கே என்று தேடினார். பல்பின் ஒரு கிளிப்பை பாடியில் கடித்துவிட்டு மற்றதை மோட்டாருக்கு வரும் கரன்ட் வயரில் வைத்தார். கண் கூசியது. அந்தப் பக்கம் சரி. பிறகு ஒரு கிளிப்பை பேட்டரியின் பிளஸ்ஸில் கடித்துவிட்டு மற்றதை எர்த் வயரில் வைத்தார். சிவப்புக் கங்கு. "எர்த்துதாங்க" என்று சொல்லிவிட்டு அந்தக் கறுப்பு வயரை விரலால் தடவிக்கொண்டே போனார். ரேடியேட்டர் சட்டத்திற்குக் கீழே டேப் சுற்றிய ஒரு முடிச்சில் விரல் நின்றது. டேப்பைப் பிரித்தார். பிசின் உருகி நூல்நூலாக வந்தது. உள்ளே முறுக்கிவிட்ட செம்புக் கம்பிகளில் பாதி கறுத்திருந்தன, மீதி பச்சை பூத்திருந்தன. தொட்டதும் இரண்டு இழை உதிர்ந்தது.

"முறுக்கி டேப் சுத்தறது கல்யாண வீட்டு சீரியல் செட்டுக்குச் சரிங்க. வண்டி ஆடுது, சூடாகுது, மழையில நனையுது. இதுக்குத் தாங்காது."

புதிதாகத் தடித்த எர்த் வயர் ஒன்றை எடுத்து, முனையில் லக் வைத்து நசுக்கி, மேலே ஈயம் பற்றவைத்தார். பாடியில் பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளைத் தகடு தெரிந்த பிறகே போல்ட்டை முடுக்கினார். சாவியைத் திருப்பியதும் ஃபேன் உறுமிக்கொண்டு சுற்றியது. பின்னால் கையை வைத்தார். காற்று கையில் பட்டது. எங்கள் மூவருக்கும் நிம்மதி.

கூலி நூறு ரூபாய் கேட்டார். சித்தப்பா கூடக் கொடுத்ததை வாங்கவில்லை. "வேலை பத்து நிமிஷங்க. தேடினதுதான் நேரம்" என்றார். தேடுவதற்கும் கூலி உண்டு என்பது என் கட்சி. பாகம் மாற்றுவதற்குப் பில் போடுகிற நாட்டில் கண்டுபிடிப்பதற்குப் பில் போட யாருக்கும் தைரியம் இல்லை. அதனால்தான் நல்ல மோட்டார்களும் குப்பைக்குப் போகின்றன.

இரவு பரோட்டாவும் கலக்கியும். பாதி வெந்த முட்டையைச் சால்னாவோடு கல்லில் கலக்கி, அப்படியே மடித்துத் தட்டில் சரிக்கும் கொங்கு நாட்டுப் பண்டம் அது. நாட்டின் முட்டைத் தலைநகரங்களில் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, மறுநாள் கோவில் என்று சித்தப்பா தயிர்சாதம் கேட்டார். கடைக்காரர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். காலையில் ஆஞ்சநேயரைப் பார்த்தோம். 18 அடி உயரம், தலைக்குமேல் கூரை கிடையாது. சித்தி செந்தூரம் வாங்கிக் காகிதத்தில் மடித்துக்கொண்டாள்.

காரவள்ளி

சேந்தமங்கலம் தாண்டியதும் மலை குறுக்கே சுவராக நிற்கிறது. அடிவாரத்தில் பாக்குத் தோப்புகள், அதற்குள் நுழைந்ததும் வெயில் குறைகிறது. காரவள்ளி செக்போஸ்ட்டில் இருந்து கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. மொத்தம் 70. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். ஊட்டி, ஏற்காடு சாலைகளில் வளைவுகளுக்கு நடுவே நேர்ச்சாலை கொஞ்சம் மூச்சு விட வைக்கும். இங்கே ஒரு வளைவில் ஸ்டியரிங்கை நேராக்குவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

ஏசியை நிறுத்திவிட்டு இரண்டாவது கியரில் ஏறினோம், வளைவுகளில் முதல் கியர். ஜன்னல் திறந்திருந்ததால் ஃபேன் ஓடும் உறுமல் காதில் விழுந்துகொண்டே இருந்தது. இருபது வளைவு தாண்டியதும் முள் பாதியைக் கடந்தது. முப்பதுக்கு மேல் போனதும் சிவப்பை நெருங்கியது.

கைப்பிடிச் சுவர் அகலமாக இருந்த ஒரு வளைவில் நிறுத்தினோம். கீழே பாக்குத் தோப்புகள் பச்சைத் திட்டாகத் தெரிந்தன, அதற்கப்பால் வெளுத்த சமவெளி. குரங்குகள் சித்தியின் பையை ஆராய வந்தன. சித்தப்பா பானெட்டைத் தூக்கி வெறித்துப் பார்த்தார். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஓடுதே தம்பி! ஓடுறப்பவும் சூடாகுதுன்னா ஹெட் கேஸ்கெட் போயிடுச்சா?"

மலைச்சாலையில் பானெட் திறந்து நிற்கும் வண்டியை யாரும் தாண்டிப் போவதில்லை. மேலே போய்க்கொண்டிருந்த காலி பிக்-அப் ஒன்று நின்றது. இருபத்தைந்து வயதிருக்கும், மலைக்காரத் தம்பி. அன்னாசியும் பலாவும் கீழே இறக்கிவிட்டுத் திரும்புகிறாராம். ஓட்டுகிற வண்டியைத் தானே பழுது பார்த்துக்கொள்கிறவர் என்பது அவர் குனிந்த விதத்திலேயே தெரிந்தது. பெல்ட்டை அமுக்கிப் பார்த்தார். கீழ் ஹோஸைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். தண்ணீர் சுற்றி வருகிறது. ஃபேனைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"மோட்டார் மாத்தினீங்களா?"

"ஆமாம்."

"ஒரு துண்டுக் காகிதம் இருக்குங்களா?"

சித்தி செந்தூரப் பொட்டலத்தைப் பிரித்து, செந்தூரத்தை விபூதிப் பையில் கொட்டிவிட்டு அந்தக் காகிதத்தைக் கொடுத்தாள். அவர் வண்டிக்கு முன்னால் வந்து கிரில்லுக்கு நேரே அதைப் பிடித்து, கையை விட்டார். காகிதம் பறந்து அவர் நெஞ்சில் ஒட்டியது. வெள்ளைச் சட்டையில் சிவப்பாக ஒரு தீற்றல்.

"பாருங்க. உறிஞ்ச வேண்டியது ஊதுது."

ரேடியேட்டருக்குப் பின்னால், இன்ஜின் பக்கம் இருக்கிற ஃபேன் வெளிக்காற்றை ரேடியேட்டர் வழியாக உள்ளே இழுக்கவேண்டும். எங்கள் ஃபேன் இன்ஜினைச் சுற்றியுள்ள வெந்த காற்றையே ரேடியேட்டர் வழியாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. இறக்கைகள் ஒரு திசைக்கென்று வளைத்துச் செய்தவை. மறுதிசையில் சுற்றினால் சத்தம் வரும், பேருக்குக் காற்றும் வரும். போதாக்குறைக்கு வண்டி முன்னே போகும்போது எதிரில் வரும் காற்றோடு அது மல்லுக்கட்டும். சமவெளியில் ஃபேனுக்கே வேலை இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. ஏசி போட்டால் இந்த ஃபேன்தான் அதற்கும் காற்று இழுக்கவேண்டும், அதனால்தான் குளிரவில்லை. "நான் தஞ்சாவூர்லயே சொன்னேன்" என்றாள் சித்தி. சொல்லத்தான் செய்தாள்.

சித்தப்பாவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. "அட, நம்ம போர்செட்டு!" என்று தொடையில் தட்டினார். மும்முனை மோட்டாரில் இரண்டு பேஸ் இடம் மாறிவிட்டால் பம்பு தலைகீழாகச் சுற்றும். மோட்டார் இரைகிறதே, தண்ணீர் ஏன் நூலாக வருகிறது என்று புதிய ஆட்கள் முழிப்பார்கள். வயல்காரர் இரண்டு வயரை மாற்றிப் போட்டுவிட்டு வரப்பில் நடந்துவிடுவார். காரில் இருப்பது 12 வோல்ட் நேர்மின்சார மோட்டார். பிளஸ்ஸும் மைனஸும் மாறினால் அதுவும் அப்படியே திரும்பிச் சுற்றும், கெட்டுப்போகாது. சாக்கெட்டை வெட்டாமல் இருந்திருந்தால் மாற்றி மாட்டியிருக்க முடியாது. வெட்டி முறுக்கியவர் கலரைப் பார்க்கவில்லை. நாமக்கல் அண்ணனும் இருந்த வயர்களை இருந்தபடியே உயிர்ப்பித்தார். கையைப் பின்னால் வைத்தால் எப்படிச் சுற்றினாலும் ஏதோ காற்று படத்தான் செய்யும்.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, மோட்டாருக்குப் பக்கத்தில் இரண்டு வயரையும் பிரித்து மாற்றி இணைத்தோம். தம்பி தன் வண்டியில் இருந்து டேப் கொடுத்தார். மறுபடி காகிதம். இந்தமுறை அது கிரில்லில் போய் அப்பிக்கொண்டது, எடுத்தால் திரும்பவும் அப்பியது. நின்ற இடத்திலேயே முள் இறங்குவதைப் பார்த்தோம். சித்தப்பா பணம் நீட்டினார். அவர் வாங்காமல் புளியோதரைப் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

சோளக்காடு, செம்மேடு

மீதி வளைவுகளை எண்ண மறந்துவிட்டோம். எழுபதாவது தாண்டிச் சோளக்காட்டில் இறங்கியபோது காற்றின் தன்மையே வேறு. கடல் மட்டத்தில் இருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல். கும்பகோணத்தில் அந்த நேரத்தில் தார் உருகிக்கொண்டிருக்கும்.

சந்தையில் பலாப்பழங்களைத் தரையில் உருட்டிவைத்திருந்தார்கள். அன்னாசி, மலைவாழை, மிளகு. ஒரு பாட்டி முடவாட்டுக்கால் கிழங்கை அடுக்கியிருந்தாள். பழுப்பு ரோமம் மூடிய அந்தக் கிழங்கை முதல்முறை பார்க்கிறவர்கள் ஆட்டுக்கால் என்றே நினைப்பார்கள். பக்கத்திலேயே அதன் சூப்பு கொதித்தது. ரோமத்தைச் சீவிவிட்டு நசுக்கி, மிளகும் பூண்டும் போட்டு வேகவைக்கிறார்கள். "முட்டி வலிக்கு நல்லது ஆத்தா, குடி" என்று பாட்டி சொன்னதும் சித்தி இன்னொரு டம்ளர் வாங்கினாள். முட்டிக்கு என்ன செய்ததோ, குளிருக்கு இதமாக இருந்தது.

செம்மேட்டில் வல்வில் ஓரி குதிரைமேல் சிலையாக நிற்கிறார். நாங்கள் தங்கிய வீட்டில் இரவு சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும். மூன்று வேளையும் பொன்னி அரிசி சாப்பிடும் எங்களுக்குச் சாமை முதல் வாய்க்குக் கரகரத்தது, மூன்றாவது வாய்க்குப் பழகிவிட்டது. வீட்டுக்கார அக்கா சிரித்தார். "நாங்களே எப்பவாச்சும்தான் ஆக்கறோமுங்க. காடெல்லாம் மரவள்ளி ஆயிடுச்சு." அடுத்த நாள் பார்த்தபோது சரிவெல்லாம் மரவள்ளிதான். கிழங்கு கீழே ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது, கையில் காசு வருகிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில் சிறுதானியங்களைக் காப்பாற்றப் பல வருஷம் வேலை செய்திருக்கிறது. மரவள்ளி கொடுக்கிற காசுக்கு முன்னால் சாமைக்குப் பரிந்துபேசுவது எளிதல்ல. நெல்லை விட்டுவிட்டு வேறு எதையும் நினைத்துப் பார்க்காத சீமையில் இருந்து வந்த எனக்கு அந்த அக்காவிடம் உபதேசம் சொல்ல வாய் வரவில்லை.

அறப்பளீஸ்வரர் கோவில்

கோவில் சின்னதுதான். தஞ்சைப் பெரிய கோவிலைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு விமானம் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. சித்தப்பா அரைமணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஓடும் அய்யாற்றில் மீன்களுக்குப் பொரி போடுகிறார்கள். அறுத்த மீன்களைப் பொருத்தி உயிர்கொடுத்த சாமி என்பது தலக்கதை, அதனால் இந்த மீன்களை யாரும் தொடுவதில்லை.

அந்த அய்யாறுதான் கொஞ்சம் தள்ளிப் பாறை விளிம்பில் இருந்து ஆகாயகங்கையாக விழுகிறது. போவதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். சித்தி மேலேயே உட்கார்ந்துகொண்டாள். நான் இறங்கினேன். கோடையில்கூடச் சாரல் முகத்தில் அறைந்தது. அங்கிருந்து அது புளியஞ்சோலைப் பக்கம் திருச்சி மாவட்டத்துக்குள் இறங்குகிறது. ஏறி வந்தபோது என் ரேடியேட்டர்தான் கொதித்தது. படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்துசேர்ந்தேன்.

மறுபடி நாமக்கல்

இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே வந்தோம். இன்ஜினுக்குப் பாரம் இல்லாததால் ஃபேன் தேவைப்படவே இல்லை. காரவள்ளியில் சித்தப்பா வேண்டுமென்றே வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தார். முள் பாதிக்கு மேல் கொஞ்சம் ஏறியதும் ரிலே அடித்தது, ஃபேன் சுற்றியது, முள் இறங்கியது, ஃபேன் நின்றது. ஏசி போட்டதும் சித்தி முந்தானையைப் போர்த்திக்கொண்டாள்.

நாமக்கல்லில் அந்த அண்ணனைத் தேடிப்போய் விஷயத்தைச் சொன்னோம். "அடடா, கையை முன்பக்கம் வச்சுப் பார்த்திருக்கணுமுங்க" என்று வருத்தப்பட்டார். வளைவில் நாங்கள் சுற்றிய டேப்பைப் பிரித்தெறிந்துவிட்டு, பக்கத்தில் பள்ளம் வைத்த இருமுனை சாக்கெட் ஒன்றை நசுக்கி மாட்டினார். "இனி எவன் கழட்டினாலும் மாத்திச் சொருக முடியாதுங்க" என்றார். சாக்கெட்டுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். பையனைக் கூப்பிட்டுக் காகிதத்தைக் கிரில்லில் பிடித்துக் காட்டினார்.

வண்டியில் ஃபேன் மோட்டார் மாற்றுகிறவர்கள் பட்டறையை விட்டு வெளியே வருவதற்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதம் கேளுங்கள். வயர் முறுக்கியிருக்கிறதா, லக் வைத்து நசுக்கியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பணம் அதற்குப் பிறகு கொடுத்தால் போதும்.